சாமான் எப்ப வருது?

ஓசூரில் என் வீட்டுக்குள் காலடி வைத்த ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார். வாட்ச்மேன் கேட்டார். இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வந்தவர் கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "லாரி ஜூஜூவாடி செக்போஸ்ட்ல மாட்டிக்கிச்சிங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். சாமான் எல்லாம் வந்துவிட்டது, நீங்கள் பார்ப்பதுதான் சாமான் என்று நான் சொன்னால் அவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் தோன்றும். அந்த இரக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறு வாரம் விடுப்பு எடுத்து, ஸ்வீடனிலிருந்து விமானம் ஏறி வந்து, தளி ரோட்டுப் பக்கம் மூன்றாவது மாடியில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டை நான் அலங்கரித்து முடித்திருந்தேன். முடித்துவிட்டேன் என்பதுதான் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்படி என்ன செய்திருந்தேன் என்று கேட்பீர்கள். சுவரெல்லாம் வெள்ளை. வெளிறிய மரத்தில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு. சாம்பல் நிறத் துணி போட்ட தாழ்வான சோபா. கூடத்தின் நடுவில் காகிதத்தால் செய்த பெரிய உருண்டை விளக்கு. ஜன்னலோரம் ஒரு செடி, ஒன்றே ஒன்று. பிரிட்ஜ்கூடக் கண்ணில் படாது. மரக்கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஸ்வீடன், டென்மார்க் பக்கமெல்லாம் வீடு என்றால் இப்படித்தான். உள்ளே நுழைந்ததும் மனம் அடங்க வேண்டும். என் அம்மா உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்துச் சொன்னது: "பல்புக்கு எதுக்குடி பொட்டலம் கட்டி வெச்சிருக்க?"

நியாயமாகச் சொன்னால் எனக்கும் இது ஒரே நாளில் வந்த ஞானம் அல்ல. எட்டு வருடத்துக்கு முன்பு என் கணவருக்கு ஸ்வீடனில் வேலை கிடைத்துப் போய் இறங்கிய இரண்டாவது வாரம், எதிர் வீட்டு இங்கிரிட் என்னைக் காபிக்குக் கூப்பிட்டாள். காபியும் ஒரு துண்டு கேக்குமாக உட்கார்ந்து பேசுவதற்கு அந்த ஊரில் ஃபீகா என்று பெயர். போனேன். கூடத்தில் ஒரு சோபா, ஒரு விளக்கு. சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. எனக்குப் பகீரென்றது. நல்ல மனுஷியாகத் தெரிகிறாளே, நாம் வந்ததும் வீட்டைக் காலி செய்கிறாளே என்ற வருத்தத்தில், "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று கேட்டேன். "எங்கே?" என்றாள். "வேறு வீட்டுக்கு" என்றேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். நாங்கள் அதிகம் சத்தம் போடுகிறோமா, எங்களால் உனக்கு ஏதாவது தொந்தரவா என்று மிக மெதுவாகக் கேட்டாள். பதினோரு வருடமாக அதே வீட்டில் இருக்கிறவள். வந்து பதினோரு நாள்கூட ஆகாத நான் அவளை வெளியேறச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு குளிர்காலமும் நான்கு டப்பா முறுக்கும் ஆயின.

அந்த இரண்டாவது குளிர்காலத்தில்தான் நான் மாறினேன். நவம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும். அங்கே போன புதிதில் வாங்கிச் சேர்த்த படங்கள், பூச்சாடிகள், பொம்மைகள் எல்லாம் அந்த இருட்டில் என்னையே முறைத்துப் பார்ப்பதுபோல இருந்தது. ஒரு நாள் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடினேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். லாகொம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்; அதிகமும் இல்லை, குறைவும் இல்லை, அளவு என்று அர்த்தம். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் இருந்ததையெல்லாம் கழித்தேன். என் கணவர் தன் எவர்சில்வர் டம்ளரைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்.

இந்த வெறியோடுதான் ஓசூருக்கு வந்தேன். அந்த ஃபிளாட்டில் இருக்கப்போவது மத்தூரில் இருந்த என் அம்மாவும், சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கும் என் தம்பி பிரபுவும். அவர்களுக்கு நான் அமைதியைக் கொண்டுவந்து தரப்போகிறேன் என்று நினைத்தேன். மத்தூரில் நான் வளர்ந்த வீட்டில் பீரோவின் மேல் சூட்கேஸ், சூட்கேஸின் மேல் தையல் மெஷினின் மூடி, அதற்கு மேல் போர்வை மூட்டை. அதற்கு மேல் கூரை இருந்ததால்தான் அம்மா நிறுத்தினாள்.

பெயிண்டர் சலீம் பாய் சுவருக்கு வெள்ளை அடித்து முடித்துவிட்டு, "பிரைமர் நல்லா புடிச்சிருக்குது மேடம். கலர் என்னான்னு சொன்னீங்கன்னா நாளைக்கி ஆரம்பிச்சிடலாம்" என்றார். இதுதான் கலர் என்றேன். எனக்குப் புத்தி திரும்பினாலும் திரும்பும் என்று அவர் ஏணியை இரண்டு நாள் அங்கேயே விட்டுவைத்தார். தச்சு வேலை செய்தவர் பளபள சன்மைக்கா ஒட்டியே தீருவேன் என்று நின்றார். "மரத்த மரமாவே உட்டா, பாதி வேலையில ஓடிப்போயிட்டான்னு என்னத்தான்மா சொல்லுவாங்க" என்றார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: இதைச் செய்தது யார் என்று வெளியே சொல்லக் கூடாது. அதனால்தான் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

அம்மா நேரடியாகச் சண்டை போடவில்லை. அவள் வழி வேறு. தினக் காலண்டர் மாட்டக் கூடாது என்றதும், "ராகு காலத்த செவுத்துலயா எழுதி வெப்ப?" என்று ஒருமுறை கேட்டாள், அதோடு சரி. மறுநாள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் காலண்டர் தொங்கியது. சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்தால் புளி டப்பா. மரக்கதவைத் திறந்தால் பிரிட்ஜுக்குப் பக்கத்து இடுக்கில் நான்கு பிளாஸ்டிக் பக்கெட், ஒன்றுக்குள் ஒன்று. நான் எடுத்து வெளியே வைப்பேன், அவள் எடுத்து உள்ளே வைப்பாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம்.

நான் ஸ்வீடனுக்குத் திரும்ப ஒன்பது நாள் இருக்கும்போது பிரபு அந்தச் செய்தியோடு வந்தான். அவனோடு வேலை செய்யும் சங்கீதாவை அவன் இரண்டு வருடமாக விரும்புகிறான். எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பா பெரியசாமிக்கு சிங்காரப்பேட்டையில் மாந்தோப்பு. இதுவரை பிடிகொடுக்காத மனிதர், இப்போது ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் சந்தோஷத்தில் எழுந்து நின்றேன். பிரபு எழவில்லை. அவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு பார்ப்பதில் அந்த மனிதர் பெயர் போனவராம். மூத்த பெண்ணுக்கு வந்த ஓர் இடத்தைக் குழாயில் தண்ணீர் வேகம் இல்லை என்று தட்டிக் கழித்தார். இன்னோர் இடத்தில் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். "அவுரு மனுசன நம்ப மாட்டாருக்கா, ஊட்டத்தான் நம்புவாரு" என்றான் பிரபு. "இந்த ஊட்டப் பாத்தா, மாமாவுக்கு அங்க வேல போயிட்டு நாம எல்லாத்தையும் வித்துத் தின்னுட்டோம்னு நெனப்பாரு. பிரிட்ஜ் எங்கன்னு கேட்டா என்னா சொல்றது?"

"தொறந்து காட்டுவோம்."

"தொறந்து காட்றதுக்கு அது என்னா நகையா? அக்கா, ரெண்டு வருசம் கேன்டீன்ல ஒக்காந்து பேசிப் பேசி இந்த எடத்துக்குக் கொண்டாந்திருக்கோம். உன் அமைதிய ஒரே ஒரு நாளைக்கி எடுத்து உள்ள வெய்."

நான் வாதாடினேன். அளவு, வெளிச்சம், மனநிம்மதி என்று என்னென்னவோ சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் சரி என்றேன். தம்பியை அழவைத்துவிட்டு எனக்கு என்ன மனநிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடன் வாங்க ஆரம்பித்தோம். எதிர் ஃபிளாட் மஞ்சுளம்மா கன்னடக்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் முடிப்பார். தன் கண்ணாடி ஷோகேஸையும், கதவு முழுக்கப் பூப்போட்ட சிவப்பு பிரிட்ஜையும் தருவதாகச் சொன்னார். ஆனால் உள்ளே இருப்பதை எடுக்கக் கூடாது. எடுத்தால் திரும்ப அடுக்க எங்களுக்குத் தெரியாதாம். ஆகவே இட்லி மாவு, தயிர், மூன்று நாள் சாம்பாரோடு பிரிட்ஜ் நடைபாதையைக் கடந்து வந்தது. இரண்டாவது மாடியிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா செட் வந்தது. வாட்ச்மேன் தன் பங்குக்கு ஒரு படம் கொண்டுவந்தார்: பனி மலை, ஏரி, சிவப்பு மர வீடு, பிளக்கைச் செருகினால் அருவி ஓடும், குருவி கத்தும். ஸ்வீடனிலிருந்து வந்த நான், என் சுவரில் நானே ஆணி அடித்து, ஸ்வீடனைப் போல இருந்த ஓர் ஊரைக் குருவிச் சத்தத்தோடு மாட்டினேன். அம்மா சோபாவுக்கு அடியிலிருந்த டப்பாக்களையெல்லாம் தைரியமாக மேசைமேல் எடுத்து வைத்தாள். நான் வந்த நாளிலிருந்து அவள் முகம் அன்றைக்குத்தான் மலர்ந்திருந்தது.

பதினோரு மணிக்குப் பெரியசாமியும் அவர் மனைவி சாந்தாவும் சங்கீதாவோடு வந்தார்கள். அவர் உட்காரவே இல்லை. சமையலறைக் குழாயைத் திறந்து கையை நீட்டினார். திருப்தி. சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார். ஃபேன்களை எண்ணினார். அதன் பிறகுதான் சோபாவில் அமர்ந்தார். பிளாஸ்டிக் உறை ஒரு முனகல் முனகியது. அம்மா கேசரி கொடுத்தாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது மஞ்சுளம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். "ஊட்டா ஆய்த்தா?" என்று எல்லோரையும் பொதுவாகச் சாப்பாடு விசாரித்தார். நேராகப் போய்ப் பிரிட்ஜைத் திறந்து தயிர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இங்க அக்கம் பக்கம் ரொம்ப ஒத்துமைங்க" என்றாள் அம்மா.

ஐந்து நிமிடத்தில் அவர் மறுபடி வந்து கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் எடுத்துக்கொண்டு போனார். பெரியசாமி அவரையும் பார்த்தார், பிரிட்ஜையும் பார்த்தார். மூன்றாவது முறை வந்தது மஞ்சுளம்மாவின் கணவர். பனியனோடு வந்தவர், பிரிட்ஜ் கதவிலிருந்து சர்க்கரை ஊசி மருந்தை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பெரியசாமி தன்னையே பார்ப்பதைக் கண்டு, "உங்களுக்கும் சுகருங்களா?" என்று அன்பாகக் கேட்டார். ஆமாம் என்றார் பெரியசாமி. இருவரும் சிறிது நேரம் வெந்தயத்தைப் பற்றிப் பேசினார்கள்.

இதற்குள் சாந்தா ஷோகேஸின் பக்கம் போயிருந்தார். பொம்மைகளுக்கு நடுவே சட்டம் போட்ட ஒரு கல்யாணப் படம் இருந்தது. அதை எடுத்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இது யாருங்க?"

அம்மா கண் இமைக்காமல், "எங்க பெரியப்பா பையனுங்க" என்றாள்.

"அது நானு" என்றார் மஞ்சுளம்மாவின் கணவர். யாரும் நம்பவில்லையோ என்று சந்தேகம் வந்து, போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றும் காட்டினார்.

கூடத்தில் குருவிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. பிரபு தரையைப் பார்த்தான். சங்கீதா பிரபுவைப் பார்த்தாள். பெரியசாமி கேசரித் தட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. இதுல உங்க சாமான் எது?"

பொய் சொல்ல எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிளக் போட்ட அருவியைப் பார்த்துக்கொண்டு என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. பெஞ்சைக் காட்டினேன். மேசையைக் காட்டினேன். "அந்த ஓரமா நிக்கிற சாம்பல் கலர் சோபா. அப்பறம் அந்தச் செடி. வேற ஒன்னும் இல்லீங்க. மீதி எல்லாம் கடன் வாங்கினது. வேல எல்லாம் போகலீங்க, கஷ்டமும் ஒன்னும் இல்ல. மனசு அமைதியா இருக்கட்டும்னு நான்தான் வேணும்னே காலியா உட்டேன். பிரபு மேல எந்தத் தப்பும் இல்லீங்க." போய் மரக்கதவையும் திறந்து காட்டினேன். உள்ளே எங்கள் பிரிட்ஜ், பக்கத்தில் அம்மாவின் பக்கெட்டுகள்.

பெரியசாமி எழுந்து வந்தார். கதவை மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார். "இத எதுக்கும்மா ஒளிச்சி வெச்சீங்க? பிரிட்ஜு என்னா தப்பு பண்ணிச்சி?" என்றார்.

சாந்தா எழுந்தார். வாசலுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு வருடக் காதலை நான் ஒரு காகித விளக்குக்காகக் கெடுத்துவிட்டேன். ஆனால் அவர் வாசல் பக்கம் திரும்பவில்லை; உள்ளறைக்குப் போனார். அங்கே கடன் சாமான் எதுவும் எட்டவில்லை. ஒரு கட்டில், நான்கு வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். நடுவில் நின்று மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு சுவரில் கையை வைத்தார்.

"இங்க பீரோ நிக்கும்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் முழங்கையை மடக்கிச் சுவரை முழம் போட்டு அளக்க ஆரம்பித்தார். "இங்க டிரெஸ்ஸிங் டேபிளு. அந்தப் பக்கம் அண்டா ரெண்டும், குத்துவெளக்கும். கிரைண்டரு சமையல்கட்டுல. தையல் மெஷினு ஜன்னலண்ட." ஆறு முழம் அளந்து முடித்துவிட்டுத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"பெரியவளுக்கும் எல்லாந்தான் குடுத்தோம். அவ மாமியா ஊட்ல நிக்க எடமில்ல. நான் குடுத்ததெல்லாம் கட்டுப் பிரிக்காம லாஃப்டு மேல கெடக்குது. போறப்போ எல்லாம் அண்ணாந்து பாத்துட்டு வர்றேன். இந்த ஊட்ல எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கும்."

"நாங்க ஒன்னுமே வேணாம்னு சொல்லியிருக்கமேங்க" என்றேன்.

"நீங்க கேக்கலம்மா. ஆனா நான் வாங்கி வெச்சிட்டேனே. இவ எட்டாவது படிக்கறப்போ இருந்து ஒன்னொன்னா எடுத்து வெச்சது."

அறை வாசலில் என் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சாந்தாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இவளுக்கும்தான் வாங்கினேன்."

என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பித்தளையும் எவர்சில்வரும் மத்தூர் வீட்டுப் பரணில், பழைய வேட்டியில் கட்டியபடி எட்டு வருடமாக இருக்கின்றன. விமானத்துக்குப் பெட்டி கட்டிய அன்று எடை தாங்காது என்று ஒரு குக்கரும் ஊறுகாயும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மீதியைப் பற்றி அதன் பிறகு நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த வெள்ளை அறையில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவுக்கு அமைதியைக் கற்றுத்தர வந்தவள் நான். அவளோ எட்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாள்.

பெரியசாமி இன்னொரு முறை மரக்கதவைத் திறந்து மூடிவிட்டு, "வர்ற மாசம் பூ வெச்சிரலாம்" என்றார். பிரபு சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தான். பிளாஸ்டிக் உறை எல்லோருக்கும் சேர்த்து ஒரு சத்தம் போட்டது. முதலில் சிரித்தது மஞ்சுளம்மாவின் கணவர்தான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் போய்வந்தேன். நான் திரும்பிய பிறகுதான் சீர் சாமான் லாரி வந்ததாம். வாட்ச்மேன் பிரபுவிடம், "அக்கா சாமான் இப்பத்தான் வந்து சேந்துச்சா?" என்று கேட்டாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கீதா வீடியோவில் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். பீரோ, அதன் மேல் சூட்கேஸ். அண்டாவுக்குள் குடம், குடத்துக்குள் சொம்பு. மேசைமேல் கிரைண்டர். காகித விளக்கில் கல்யாணத் தோரணம். என் பெஞ்சு எங்கே என்று கேட்டேன். பாத்திரங்களுக்கு அடியில் ஒரு காலைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் செய்தது எதுவும் மிச்சமில்லை.

உள்ளறைக்கு வந்ததும் அவள் நின்றாள். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இரண்டடி அகலத்துக்கு வெறும் வெள்ளைச் சுவர்.

"இது உங்களுதுக்கா" என்றாள். "அத்தையும் அம்மாவும் இங்க ஸ்டாண்டு வெக்கணும்னு நிக்கறாங்க. நான் உடல. தெனமும் தொடச்சி வெக்கறேன்."

"அங்க என்னா இருக்குது?"

"ஒன்னும் இல்லக்கா. உங்களுக்கு ஒன்னும் இல்லாததுதான புடிக்கும்."

அதைக் கொஞ்ச நேரம் அப்படியே காட்டச் சொன்னேன். என் ஊர் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து என் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்று, போனில் தெரிந்த அந்த இரண்டடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறையில்லை, ஆணியில்லை. சங்கீதாவும் போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது என் அம்மா அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். திரையில் வெள்ளைச் சுவரில் சாய்ந்து நிற்கும் என்னைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சங்கீதாவிடம் கேட்டாள்:

"இவ இப்ப எந்த ஊட்ல நிக்கறா?"